திருமலைசாமிக்கு ஒரு தங்கச்சி

"கையை ஊனாம அஞ்சு தடவை எந்திரிச்சு உக்காருங்க, ஐயா" என்றார் டாக்டர் ஹுமேரா.

திருமலைசாமி ஏழு தடவை எழுந்து உட்கார்ந்தார். வயது எழுபத்து நாலு. கணையத்தில் கட்டி. பெரிய ஆபரேஷன், இந்த வயதில் உடம்பு தாங்குமா என்று பார்க்கத்தான் கோயமுத்தூருக்கு வரச்சொல்லியிருந்தார்கள். ஆறு நிமிஷம் நிற்காமல் நடந்தார். கைப்பிடி அளக்கும் கருவியை இறுக்கினார். சொன்ன ஐந்து வார்த்தைகளையும் ஒப்பித்தார்.

"உடம்பு பரவால்லீங்க. ஆபரேஷனுக்கு அப்புறம் ரெண்டு மாசம் கூடவே இருந்து பாத்துக்கணும். வீட்டுல யார் இருக்காங்க?"

கிணத்துக்கடவு வீட்டில் அவரைத் தவிர யாரும் இல்லை. மனைவி போய் நாலு வருஷம். மகன் உதயும் மருமகள் சாய்ப்ரியாவும் கனடாவில். ஞாயிறுதோறும் போனில் மழை, வெயில் எல்லாம் பேசுவார்கள். கட்டியைப் பற்றி அவர் இன்னும் வாய் திறக்கவில்லை. ஆனால் ஆள் இல்லையென்றால் தேதி கிடைக்காதே!

"மருமக இருக்குறாளுங்க. சாய்ப்ரியா."

"நல்லதுங்க. ஒரு வார்த்தை பேசிடறேன்."

படிவத்தில் 'உறவினர்' என்ற இடத்தில் எழுதியிருந்த எண்ணை டாக்டர் அழுத்தினார். திருமலைசாமியின் சட்டைப் பையில் மணியடித்தது.

"அவ போனு எங்கிட்ட இருக்குதுங்க. அவ... கேன்டீன்ல இருக்கறா."

"அப்ப கூட்டிட்டு வாங்க."

வெளியே பெஞ்சுகளில் எல்லோரும் இரண்டு பேர், மூன்று பேராக உட்கார்ந்திருந்தார்கள். தனியாக இருந்தது ஓர் அம்மாள் மட்டும். எப்படியும் எழுபது இருக்கும்.

"ஏனுங்க அம்மணி, அஞ்சு நிமிசம் எனக்கு மருமகளா வாரீங்களா?"

அந்த அம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "மருமகள்னா ஆரும் நம்ப மாட்டாங்க. தங்கச்சின்னு சொல்லுங்க. பேரு ரங்கம்மாள்."

"மருமக பஸ் புடிக்கப் போயிட்டாளுங்க. இது என்ற தங்கச்சி" என்றார் திருமலைசாமி உள்ளே போய்.

"அண்ணன் நல்லா சாப்பிடறாருங்களா?" என்று கேட்டார் டாக்டர்.

"அண்ணி ஆக்கிப்போட்டா மிச்சமே வெக்காதுங்க" என்றார் ரங்கம்மாள்.

"அவங்க தவறி நாலு வருஷம்னு ஃபைல்ல இருக்கே?"

திருமலைசாமி முந்திக்கொண்டார். "தங்கச்சிக்குக் கொஞ்சம் மறதிங்க."

சொன்ன பிறகுதான் உறைத்தது. மறதிக்காரியை நம்பி நோயாளியை அனுப்புவார்களா? டாக்டர் நாற்காலியை ரங்கம்மாள் பக்கம் நகர்த்தி, அத்தனை பரிசோதனையையும் முதலிலிருந்து ஆரம்பித்தார். ரங்கம்மாள் ஐந்து வார்த்தைகளை நேராகவும் சொன்னார், தலைகீழாகவும் சொன்னார். அவர் இறுக்கிய இறுக்கில் கருவியின் முள் திருமலைசாமியைத் தாண்டிப் போய் நின்றது.

"உங்களைவிடத் தெம்பா இருக்காங்க" என்று சிரித்த டாக்டர் கையெழுத்துப் போட்டார். "இருபத்து மூணாம் தேதிங்க."

வெளியே வந்து இருவரும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். தேதி கிடைத்ததைச் சொல்ல திருமலைசாமிக்குப் பக்கத்திலிருந்த அந்த அம்மாளைத் தவிர ஆளில்லை. அவருக்கோ அது ஏற்கெனவே தெரியும்.

"நெசமாலுமே எனக்கு ஆரும் இல்லீங்க, அம்மணி."

"தெரியுமுங்க. இருந்தா எங்கிட்ட வந்திருப்பீங்களா?"

"உங்க ஊட்டுல ஆருக்குங்க ஒடம்பு செரியில்ல?"

ரங்கம்மாள் வாயைத் திறப்பதற்குள் கதவு திறந்தது. நர்ஸ் ஃபைலைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

"அடுத்த கணைய ஆபரேஷன், ரங்கம்மாள்! உங்ககூட வந்தவங்க ஆருங்க?"