பேண்டேஜ் லாரியில் போன ஸ்டெல்லா சிஸ்டர்

கோபத்தில் கிளம்புகிறவள் கண்ணாடி பார்க்க மாட்டாள், பஸ் போர்டு பார்க்க மாட்டாள், நல்ல நேரமும் பார்க்க மாட்டாள். நான் மூன்றையும் பார்க்காமல் ஒருநாள் ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறினேன். இடுப்பில் ஒரு வயது மகள். எண்பதுகளின் கடைசி அது.

ஸ்டெல்லா சிஸ்டர் சவூதிக்குப் போகிறார் என்று கேள்விப்பட்டதுதான் காரணம். ராஜபாளையத்தில் நாங்கள் போகிற ஆஸ்பத்திரியில் அவர் நர்ஸ்; வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். என் மகளுக்குக் காய்ச்சல் ஏறினால் ஜன்னி வந்துவிடும். முதல் தடவை கை கால் வெட்டி இழுத்தபோது நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று கத்திக்கொண்டிருந்தேன் (கத்துவதற்குப் பி.ஏ. படித்திருக்க வேண்டியதில்லை). பிள்ளையை என் கையிலிருந்து பிடுங்கிக் காப்பாற்றியவர் அவர்தான். அங்கிருந்த மற்ற இரண்டு நர்சுகளும் ஏற்கெனவே குவைத்துக்குப் போய்விட்டார்கள். குழந்தைகள் டாக்டர் லண்டனுக்கு. இவரும் போனால் அடுத்த காய்ச்சலுக்கு நான் யாரிடம் ஓடுவேன்?

தடுத்தே தீருவது என்று பஸ்ஸில் ஒரு பேச்சு தயாரித்தேன். அதிகம் பேசுகிறோமோ என்று இரண்டு வரி குறைத்தேன். உறைக்காமல் போய்விடுமோ என்று திரும்பச் சேர்த்தேன்.

சிஸ்டர் வீட்டுத் தெருவுக்குள் நுழைந்தால், பெட்டி, பை, சொந்தபந்தம் என்று ஒரு ஊர்வலம் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. நடுவில் புதுப்புடவையில் சிஸ்டர். பேச்சு முழுக்க மறந்துபோயிற்று. வாயில் வந்தது இதுதான்:

"சிஸ்டர்! எங்க போறீங்க?"

கிளம்புகிறவரைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது. எங்கே போகிறீர்கள் என்று கேட்கவே கூடாது. சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த இந்த இரண்டு தப்பையும் நான் ஒரே மூச்சில் செய்தேன். ஊர்வலம் அப்படியே நின்றது.

"சேசுவே! கடல் தாண்டிப் போற பிள்ளைய பொறத்தால கூப்பிட்டு, எங்க போறன்னும் கேட்டுட்டாளே!" சிஸ்டரின் அம்மா பையைக் கீழே வைத்தார். "நாங்க வேதக்காரவுக, சகுனமெல்லாம் பாக்கறதில்ல. இருந்தாலும் செத்த நேரம் உக்காந்து, தண்ணி குடிச்சிட்டுப் போவோம்."

எல்லோரும் வீட்டுக்குத் திரும்பினோம். (நானும்தான். வேறு எங்கே போவேன்?) சிஸ்டர் உட்கார்ந்து தண்ணீர் குடிக்கும்போது எனக்குப் பேச்சு ஞாபகம் வந்துவிட்டது.

"எங்க பிள்ளைக கையிலதான ஊசி குத்திப் பழகினீங்க? கை நல்லாத் தேறினதும் ஷேக் வீட்டுப் பிள்ளைக்கா? எங்க பிள்ளைக்கு வாரது காய்ச்சல் இல்லையா?"

சிஸ்டர் டம்ளரை வைத்தார்.

"போன ரெண்டு பேரு வேலையையும் நான்தான் பாக்கேன். சம்பளம் கூட்டிக் கேட்டா, 'இது சேவைம்மா'ங்காக. சேவையக் கொண்டுபோய்க் குடுத்தா ரேஷன்கடையில அரிசி போடுவானாக்கா?"

"அதுக்காக..."

"நைட் டூட்டி முடிச்சு இம்புட்டுத் தூரம் வந்து விழ முடியலன்னு, ஆஸ்பத்திரிப் பக்கத்துலயே ஒரு மாடி வாடகைக்குக் கேட்டேன். 'ராத்திரி வெளிய போற பொம்பளைக்கு வீடு கிடையாது'ன்னு கதவச் சாத்திட்டாக. யாருன்னு கேக்க மாட்டீகளா?"

"யாரு?"

"உங்க மாமியாருதான்."

அத்தனை சொந்தபந்தமும் என்னைப் பார்த்தது. என் மகளும் நிமிர்ந்து பார்த்ததாகத்தான் நினைவு. சவூதி வரை போயிருந்த என் கோபம் திரும்பி வந்து எங்கள் வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டது. நம் பிள்ளை பிழைக்க அவள் வேண்டும். அவள் படுத்துத் தூங்க ஓர் அறை தர மாட்டோம். போன பிறகு பணத்தாசை பிடித்தவள் என்று பேசுவோம். என்ன நியாயம் இது?

அந்த நேரம் பார்த்து வாசலில் யாரோ கத்தினார்கள்: "மதுரை பஸ் போயிருச்சு!"

அடுத்த பஸ்ஸுக்கு நின்றால் மதுரையில் மெட்ராஸ் ரயில் போய்விடும். ரயில் போனால் விமானமும் போய்விடும். சிஸ்டரின் அம்மா அழ ஆரம்பித்தார். நான் பிள்ளையோடு மெயின்ரோட்டுக்கு ஓடி, வந்த லாரியைக் கை காட்டி மறித்தேன்.

"ஏம்மா! சாகணும்னா வேற வண்டி பாரு!"

"அண்ணே, மதுரைக்கா? ஒரு சிஸ்டரு ரயிலப் பிடிக்கணும்ணே! ஏத்திக்கோங்கண்ணே!"

சத்திரப்பட்டியிலிருந்து பேண்டேஜ் துணி ஏற்றி வந்த லாரி அது. (எல்லாம் கப்பலேறப் போகும் சரக்காம். கட்டுத்துணியும் போகிறது, கட்டுப் போடுகிற கையும் போகிறது. நமக்குக் காயம் மட்டும்.) ஏறுவதற்கு முன் சிஸ்டர் என் மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

"இழுக்கும்போது ஒருக்களிச்சுப் படுக்க வைங்கக்கா. வாயில எதையும் திணிக்காதீக. முக்கியமா, நீங்க கத்தாதீக."

ரயில் கிடைத்துவிட்டது. அவர் இடத்துக்கு ஆஸ்பத்திரியில் ஆள் போடவே இல்லை. அடுத்த ஜன்னிக்கு டாக்ஸி பிடித்து மதுரைக்கு ஓடினோம். எங்கள் மாடியை மாமியார் ஒரு வத்தல் வியாபாரிக்குக் குடோனாக விட்டார். அவர் ராத்திரி ராத்திரிதான் மூட்டை இறக்கினார். அத்தை ஒரு வார்த்தை கேட்கவில்லை! நான் கேட்டேன். ஒரு வாரம் எங்களுக்குள் பேச்சு வார்த்தை இல்லை.

என் வீட்டுக்காரர் மட்டும் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார்: "போகாதேன்னு தடுக்கப் போனவ, லாரி பிடிச்சு ஏத்திவிட்டுட்டு வந்திருக்கா." இப்போதும் விருந்துக்கு வந்த சொந்தக்காரர்கள் கிளம்புகிற வழியாகத் தெரியாவிட்டால், அடுக்களைக்கு வந்து என் காதில் சொல்வார்:

"நீ போய், 'இன்னும் ரெண்டு நாள் இருங்க'ன்னு ஒரு வார்த்தை சொல்லு. வாசல்ல லாரி வந்து நின்னுரும்."