கறண்ட் நின்றால் ஷெல் வராது

மன்னார்த் தீவில் தெருவெங்கும் திரியும் சீவன் எது என்று கேட்டால் எல்லோரும் கழுதை என்பார்கள். அது பழைய கதை. போர்நிறுத்தம் முறிந்து பீரங்கிகள் மறுபடி வாய் திறந்த நாளிலிருந்து கழுதையை முந்திக்கொண்டு இன்னொரு சீவன் பெருகியிருக்கிறது. அதன் பெயர் ஷெல் சாத்திரியார். கழுதை யாருக்கும் எதையும் விளக்குவதில்லை. இவர் விளக்குவார்.

அடையாளம் காண்பது சுலபம். தூரத்தில் 'டும்' என்று ஒரு சத்தம் கேட்டவுடன் பிள்ளையை வாரி இடுப்பில் வைக்கிறவள் தாய். அடுப்பில் தண்ணீரை ஊற்றுகிறவள் வீட்டுக்காரி. எல்லோருக்கும் முன்பாகப் பங்கர் என்ற பதுங்குகுழிக்குள் பாய்வது நாய். நடு முற்றத்தில் நின்றபடி ஒற்றை விரலை மேலே உயர்த்தி, தலையை ஒரு பக்கம் சாய்த்து, கண்ணைப் பாதி மூடி, "ஸ்ஸ்... சத்தம் போடாதேங்கோ, கேக்க விடுங்கோ" என்று சொந்தப் பெண்சாதி பிள்ளைகளை அதட்டுகிறாரே, அவர்தான் நான் சொல்லும் ஆள். பிறகு விரல் இறங்கும். தீர்ப்பு வரும்.

"போறது."

அல்லது,

"வாறது."

வாறது என்றால் அது வந்து விழுந்த பிறகுதான் சொல்வார் என்பது வேறு விஷயம். சத்தத்தை வைத்தே எந்தப் பீரங்கி, எந்த நாட்டில் செய்தது, எவ்வளவு தூரம் போகும் என்று சொல்வார். சுடுகிறவன் பழையவனா புதியவனா, காலையில் சாப்பிட்டானா பட்டினியா என்பதுகூடத் தெரியும். தாராபுரத்துப் பக்கம் விழும் என்று அவர் சொன்ன ஷெல் கடலில் விழுந்தால் என்ன செய்வார் என்று கேட்கிறீர்களா? கவலைப்பட மாட்டார். "உவன் பிழையா அடிச்சிட்டான்" என்பார். சாத்திரியாரின் கணக்கு ஒருநாளும் பிழைத்ததில்லை. பிழைத்ததெல்லாம் ஷெல்தான்.

இந்த இனத்தில் தலைசிறந்தவர் பள்ளிமுனை அமிர்தநாயகத்தார். அந்தக் காலத்தில் நில அளவைக்காரருக்குச் சங்கிலி பிடித்தவர். சங்கிலியின் ஒரு நுனியைப் பிடித்தவருக்கு மற்ற நுனியில் இருந்தவரின் கல்வி முழுவதும் சங்கிலி வழியாக வந்து சேர்ந்துவிட்டது என்பது அவருடைய நம்பிக்கை. கோணம், சரிவு, தூரம் என்ற சொற்கள் இல்லாமல் அவரால் ஒரு தேங்காய் பறிக்கவும் முடியாது.

அவருடைய வீட்டில் தாதியான எனக்கு, அவர்கள் பாஷையில் மிஸிக்கு, என்ன வேலை என்றால், அவர் மனைவி றோசம்மாவைப் பார்ப்பது. றோசம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் கம்பி வைத்துத் தைத்து, காலை மடக்கக் கூடாது, முறுக்கக் கூடாது, குலுக்கக் கூடாது என்று ஒரு துண்டில் எழுதிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஷெல் வரும்போது என்ன செய்யலாம் என்று அந்தத் துண்டில் எழுதியிருக்கவில்லை. ஆகவே குசினிக் கதவைக் கழற்றச் சொன்னேன். அதன்மேல் சேலைகளை மடித்து விரித்தேன். பங்கருக்குப் படி வெட்டாமல் சரிவு வெட்டச் சொன்னேன். றோசம்மாவை உருட்டிக் கதவில் ஏற்றி, மூன்று பேர் ஒரே மூச்சில் தூக்கி, சரிவால் இறக்க வேண்டும். தலைப்பக்கத்து மூலைகள் இரண்டும் நான். கால்பக்கத்து மூலைகளில் ஒன்று அமிர்தநாயகத்தார், மற்றது பக்கத்து வீட்டுப் பெனடிக்ற். முறையாகத் தூக்கினால் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துவிடுவார். அவசரப்பட்டு இழுத்தால் கம்பி விலகும், பிறகு அந்தப் பெண் நடக்கவே மாட்டார். தூக்காமல் விட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. ஒவ்வொரு சத்தத்துக்கும் தூக்குவதா விடுவதா? அந்த வீட்டில் யுத்தம் என்றால் அந்த ஒரு கேள்விதான்.

எங்கள் பக்கம் ஷெல் வரும் வழியையும் சொல்லிவிடுகிறேன். ஆமிக் காம்பிலிருந்து அங்காலே, இயக்கம் இருக்கும் காட்டுப் பக்கம் அடிப்பார்கள். சற்று நேரத்தில் அங்காலேயிருந்து காம்பைப் பார்த்துப் பதில் வரும். பதில் தவறினால் ஒன்றில் கடலுக்கு, இல்லையென்றால் எங்கள் கூரைக்கு. காம்ப் சும்மா இருந்தால் நாங்களும் சும்மா இருக்கலாம். ஆகவே காம்ப் எப்போது சும்மா இருக்கும் என்பதைக் கண்டுபிடிக்க ஊரே துடித்தது. அமிர்தநாயகத்தார் கண்டுபிடித்தார்.

காம்ப் வாசலில் அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு வரிசையில் நின்றபோது, லொறியிலிருந்து ஒரு பெட்டி இறங்கியதை அவர் பார்த்திருக்கிறார். பெட்டியின் மேல் கொம்பியூட்டர் படம். அவ்வளவுதான். அன்று பின்னேரம் அன்ரோனெற்றின் தேத்தண்ணிக் கடையில் சித்தாந்தம் பிறந்துவிட்டது.

"முந்தி ஒரு ஷெல் அடிக்கிறதெண்டா கணக்குத் தெரிஞ்சவன் வேணும்" என்று தொடங்கினார். "மப்பை விரிக்கோணும். அடிமட்டம் வைச்சுக் கோடு கீறோணும். காத்து எந்தப் பக்கம் எண்டு பாக்கோணும். புத்தகத்தைப் புரட்டி, பெருக்கி, கழிச்சு, பிறகுதான் குழாயை நிமித்தலாம். இப்ப எல்லாத்தையும் கொம்பியூட்டர் பாக்குது. பெடியள் பொத்தானை அமத்திறதோட சரி. வாய்ப்பாடே மறந்திருப்பாங்கள். ஆனபடியா..." இங்கே விரல் உயர்ந்தது. "கறண்ட் நிண்டா ஷெல் வராது!"

எங்கள் ஊரில் கறண்ட் நிற்பது மழையை விட அடிக்கடி நடப்பது. இதைவிட நல்ல செய்தி வேறென்ன வேண்டும்?

பெனடிக்ற் மட்டும் விடவில்லை. இனத்துக்கு இனம்தானே எதிரி.

"அமிர்தண்ணை, என்ர வள்ளத்துக்கு எஞ்சின் பூட்டி எவ்வளவு காலம்? துடுப்பை இறக்கி விறகுக்குக் குடுத்தனானோ? எஞ்சின் நிண்டாத் துடுப்பு. உங்களுக்கும் எனக்கும் தெரிஞ்சது அவனுக்குத் தெரியாதோ? அவங்களிட்டைக் கைக்கணக்கு இருக்கு."

"நீ கண்டனியோ?"

"கண்டனான்! போன கிழமை புத்தகக் கடையிலை ஒரு ஆமிக்காரன் நீட்டு அடிமட்டம் வாங்கினவன். பென்சிலும் வாங்கினவன். கொம்பியூட்டருக்கு ஏனண்ணை பென்சில்?"

"அவன் கேர்ள் பிரண்டுக்குக் காயிதம் எழுத வாங்கியிருப்பான்."

"அடிமட்டம் வைச்சோ எழுதுறவன்?"

அன்ரோனெற் கோப்பைகளைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "உங்கள் ரெண்டு பேரையும் ஆமியிலை சேத்திருந்தா இந்தச் சண்டை எப்பவோ நிண்டிருக்கும். கதைச்சு முடியிறதுக்கிடையிலை குண்டு துருப்பிடிச்சிருக்கும்."

ஒருவர் கண்டது ஒரு பெட்டியின் வெளிப்பக்கம். மற்றவர் கண்டது ஒரு பென்சில். இதை வைத்துக்கொண்டு ஒரு படையின் அறிவு உயிரோடு இருக்கிறதா செத்துவிட்டதா என்று நாட்கணக்காக வாதாடினார்கள். நாங்கள் எல்லோரும் சேர்ந்து கேட்டோம். வேறு வேலை ஏது, கடலுக்குப் போகத்தான் தடையாயிற்றே!

ஆனால் ஊர் எப்போதும் நல்ல செய்தி சொல்கிறவரின் பக்கம்தான். எங்கள் ஒழுங்கையில் புதுப் பழக்கம் ஒன்று தொடங்கியது. பட்டப்பகலில் வீட்டுக்கு வீடு வாசல் பல்ப் எரிந்தது. ஏன்? அணைந்தால் தெரிய வேண்டுமே! பல்ப் எரிந்தால் பங்கருக்குக் கிட்ட நிற்பார்கள். அணைந்தால் பாய் விரிப்பார்கள், கருவாடு காயப்போடுவார்கள், வேலிக்கு மேலால் ஊர்க்கதை பேசுவார்கள். வெளிச்சம் வந்தால் பயப்படவும், போனால் சந்தோஷப்படவும் பழகிய சனம் வேறெங்காவது உண்டா? எனக்குத் தெரியாது. அமிர்தநாயகத்தார் ஒழுங்கையால் நடந்தால் ஒரு சுவாமியார் நடப்பது போல ஆட்கள் எழுந்து நின்றார்கள்.

அன்றைக்குக் காலையிலிருந்து காம்ப் ஓயாமல் அடித்தது. பதில்களும் வந்தன, எல்லாம் கடலுக்கு. றோசம்மா விடியவே பங்கருக்குள். தீவு மண்ணில் கொஞ்சம் தோண்டினாலும் தண்ணீர் ஊறும். கதவின் கீழ்ப்பக்கம் ஈரமாகிவிட்டது, முதுகுத் தோல் சிவந்துவிட்டது. இன்னும் சிறிது நேரம் கிடந்தால் புண் பிடிக்கும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வாசல் பல்ப் அணைந்தது. பீரங்கியும் நின்றது.

"பாத்தியளோ மிஸி!" என்றார் அமிர்தநாயகத்தார். "கொம்பியூட்டர் படுத்திட்டுது. றோசம்மாவை வெளியிலை எடுப்பம். பூவரசுக்குக் கீழை காத்துப் படட்டும்."

"காம்பிலை ஜெனரேற்றர் இருக்காதோ?" என்று கேட்டேன்.

விரல் உயர்ந்தது. தலை சாய்ந்தது. "சத்தம் கேக்கேல்லை. இல்லை."

பீரங்கி நின்றிருந்ததும் உண்மை, முதுகு சிவந்திருந்ததும் உண்மை. முதுகுக்காகத்தான் சம்மதித்தேன். பெனடிக்ற்றைக் கூப்பிட்டோம். மூவருமாகத் தூக்கி, சரிவால் ஏற்றி, பூவரசின் கீழ் கதவை இறக்கினோம். அமிர்தநாயகத்தார் தனது கதிரையைக் கொண்டுவந்து பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். நான் றோசம்மாவின் முதுகைத் துடைத்துப் பவுடர் போட்டுச் சேலையை மாற்றினேன். காற்று வந்தது. றோசம்மா கண்ணை மூடிக்கொண்டார். அந்தக் கணத்தில் சித்தாந்தம் எனக்கே கொஞ்சம் பிடித்திருந்தது.

டும்.

காம்பிலிருந்துதான். பல்ப்பைப் பார்த்தேன். அணைந்தபடியே இருந்தது. நீண்ட இடைவெளி விட்டு மறுபடி ஒரு டும். காலையில் சடசடவென்று அடித்தவர்கள் இப்போது யோசித்து யோசித்து அடிப்பது போல் இருந்தது.

பெனடிக்ற் துள்ளி எழுந்தார். பயத்தில் என்று நினைக்கிறீர்களா? ஆனந்தத்தில்! "கேட்டியளோ அண்ணை! ஆறுதலா அடிக்கிறான். இது பென்சில் அடி! கைக்கணக்கு! நான் சொன்னனானெல்லே!"

"பொறு, பொறு" என்று அமிர்தநாயகத்தார் கதிரையை விட்டு எழுந்தார். விரல் உயர்ந்தது. "இது முதலே கணக்குப் போட்டு வைச்சது. இன்னும் ஒண்டு அடிக்கட்டும், சொல்லுறன்."

"அடிப்பான், அடிப்பான், விடிய விடிய அடிப்பான்!" என்று பெனடிக்ற்றும் விரலை உயர்த்திக்கொண்டார்.

நான் தலைப்பக்கத்து மூலைகளைப் பிடித்துக் குனிந்தபடி நிற்கிறேன். பதில் எந்த நேரமும் வரலாம். கால்பக்கம் இரண்டு மூலைகளும் தரையில். அவற்றைப் பிடிக்க வேண்டிய கைகள் இரண்டும் வானத்தைச் சுட்டிக்கொண்டு நின்றன. நான் வாயைத் திறப்பதற்குள் கதவின் மேலிருந்து றோசம்மா கத்தினார். அந்தக் குரலுக்கு எந்த முறிவும் இருக்கவில்லை.

"இஞ்சேருங்கோ! காதை விட்டிட்டுக் கதவைப் பிடியுங்கோ! டேய் பெனடிக்ற், நீ வெண்டிட்டாய், தூக்கடா!"

விரல்கள் இறங்கின. மூவரும் ஒரே மூச்சில் தூக்கினோம். ஓடவில்லை, நான் ஓட விடவில்லை. "நடவுங்கோ, நடவுங்கோ, குலுக்காதேங்கோ" என்று சொல்லிச் சொல்லிச் சரிவால் இறக்கினோம். றோசம்மா ஒரு கையால் செபமாலையையும் மறு கையால் கணவனின் சட்டையையும் பிடித்திருந்தார், செபமாலையை விடச் சட்டையை இறுக்கமாக. கதவு தரையைத் தொட்டதும் வெளியே உலகம் வெடித்தது. பங்கருக்கு மேலே அடுக்கிய பனங்குற்றிகளுக்கு இடையிலிருந்து மண் கொட்டியது. நான் சேலையால் றோசம்மாவின் முகத்தை மூடினேன். இன்னொன்று கடலில் விழுந்தது. பிறகு ஒன்றும் இல்லை.

இருட்டுக்குள் முதலில் கேட்டது அமிர்தநாயகத்தாரின் குரல்: "வாறது."

"ஓம்" என்றார் றோசம்மா. "வந்திட்டுது."

காலைத் தடவிப் பார்த்தேன். கம்பி இருந்த இடத்தில் இருந்தது. கால் நேராக இருந்தது. அதன் பிறகுதான் மற்றவர்களைப் பார்த்தேன். யாருக்கும் ஒன்றுமில்லை. மேலே வந்தால் வேலிக்கரையில் ஒரு குழி. பூவரசில் ஒரு கொப்பு முறிந்து கிடந்தது. அதன் கீழே அமிர்தநாயகத்தாரின் கதிரை ஒரு காலை இழந்து சாய்ந்து கிடந்தது. சரியாக அந்த நேரம் பார்த்துக் கறண்ட் வந்தது. ஒழுங்கை முழுவதும் பல்ப்புகள் எரிந்தன. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் யாரோ ஒருவர் வந்து அணைத்துவிட்டுப் போனார்.

சாத்திரியார் அதோடு திருந்திவிட்டார் என்று நினைத்தால் நீங்கள் இந்த இனத்தை இன்னும் அறியவில்லை. அடுத்த நாள் தேத்தண்ணிக் கடையில் அவர்தான் பேசினார். "கைக்கணக்கு சாகேல்லை. சாகவும் மாட்டுது. அடிச்ச இடைவெளியிலையே நான் கண்டுபிடிச்சிட்டன். இனி விஷயம் என்னெண்டா, கையாலை கணக்குப் போடுறவனுக்குக் கண் தெரியோணும். ஆனபடியா மம்மல் இருட்டுக்குப் பிறகு..." விரல் உயர்ந்தது. கடை முழுவதும் காது கொடுத்தது. பெனடிக்ற்கூட.

வீட்டில் மட்டும் சட்டம் மாறியது. தூக்குவதா விடுவதா என்று இப்போது றோசம்மா சொல்வார். அவருக்குக் கோணமும் தெரியாது, கொம்பியூட்டரும் தெரியாது. சத்தம் கேட்டால் தூக்கு, முதுகு சிவந்தால் பங்கருக்குள்ளேயே புரட்டு. அவ்வளவுதான் அவருடைய சாத்திரம். அமிர்தநாயகத்தார் கதிரைக்குப் பனை மட்டையில் கால் ஒன்று பொருத்தியிருக்கிறார். அது ஆடுகிறது. சரிவில் சிறு பிழை என்கிறார்.

இதையெல்லாம் வாசித்துச் சிரித்தீர்கள், நல்லது. ஆனால் ஒன்று கேட்கிறேன். காம்ப் இடைவெளி விட்டு அடித்தது என்று நான் சொன்ன இடத்தில், கையால் கணக்குப் போட்டால் அவ்வளவு நேரம் எடுக்குமா என்று ஒரு கணம் யோசித்தீர்களா, இல்லையா? ஜெனரேற்றர் ஏன் கேட்கவில்லை என்பதற்கு உங்களிடம் ஒரு விளக்கம் தயாராக இருக்கிறதா, இல்லையா? நேற்று இடி இடித்தபோது வீட்டில் எல்லோரையும் சத்தம் போடாமல் இருக்கச் சொன்னது யார்?

அந்த விரலைக் கீழே இறக்குங்கள். கதவின் ஒரு மூலை இன்னும் தரையில்தான் கிடக்கிறது.