மறதிப் பரீட்சையில் கோட்டைவிட்ட கொர்னேலியஸ்

கொர்னேலியஸுக்கு மறதி வந்தபோது, தங்கச் சுரங்க ஊரான ஊரிகத்தில் யாரும் அதை ஒரு செய்தியாக எடுத்துக்கொள்ளவில்லை. வயசானால் மறக்கத்தான் செய்யும், வயசாகாமலே எத்தனையோ பேர் மறந்துவிட்டுத் திரிகிறார்கள் என்று விட்டுவிட்டார்கள். அந்த மறதியைப் படம் எடுக்க பெங்களூரிலிருந்து ஆள் வருகிறது என்று தெரிந்த பிறகுதான் அதற்கு ஒரு கௌரவம் வந்தது. "எங்க லைன்லதான் கீறாரு" என்று, அந்தத் தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளில் நாலு லைன் தள்ளி இருந்தவர்கள்கூடச் சொல்லிக்கொண்டார்கள்.

மகள் வின்னிக்கு அந்த கௌரவத்தால் காலணா பிரயோஜனமில்லை. அவள் பெங்களூரில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறவள். விடியற்காலை ரயிலுக்குப் போய் விளக்கு வைத்த பிறகு திரும்புகிறவள். அப்பாவோ கண் விழித்ததும் ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிடுவார். சுரங்கத்தை மூடி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது என்று யாராவது சொன்னால், "எவனோ உங்கிட்ட கதை உட்டுகிறான்" என்று சிரிப்பார். ஒருநாள் மாரிகுப்பம் வரை நடந்துபோய், மூடிக்கிடந்த சுரங்க ஷாப்டின் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றவரை ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்து விட்டார்கள். அதற்குப் பிறகு வின்னி அவரை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுத்தான் வேலைக்குப் போகிறாள். பெற்ற தகப்பனைப் பூட்டிவிட்டு வருகிறவளுக்கு ரயிலில் ஜன்னலோரம் கிடைத்தாலும் அது முள்ளாகத்தான் குத்தும்.

இன்னொரு சாவி பக்கத்து வீட்டு இன்பராஜிடம் இருந்தது. வீட்டிலிருந்தபடியே பெங்களூர் கம்பெனிக்கு வேலை பார்க்கிற பிள்ளை. "நீங்க போங்கக்கா, நான் பாத்துக்கிறேன்" என்பான். சொன்ன கையோடு இரண்டு காதிலும் ஹெட்போனை மாட்டிக்கொள்வான். கொர்னேலியஸ் கதவைத் தட்டுவது தெருமுனைக்குக் கேட்கும், இன்பராஜுக்குக் கேட்காது. ஆக, வின்னிக்கு வேண்டியது ஒன்றுதான். பகலில் அப்பாவோடு யாராவது இருக்க வேண்டும், அந்தக் கதவைப் பூட்டாமல் அவள் வேலைக்குப் போக வேண்டும்.

இந்த நிலைமையில்தான் டைரக்டர் உதய் தாடியோடும் கதர் ஜிப்பாவோடும் வந்து சேர்ந்தான்.

"இப்போ மறதிதான் மேடம் ஓடுது. போன வருஷம் எல்லாரும் விவசாயி எடுத்தோம். படத்துல உங்க அப்பா அவராவே வந்து சும்மா மறந்தாப் போதும், மத்ததெல்லாம் மியூசிக் பாத்துக்கும்."

"ஷூட்டிங் நடக்குற நாளெல்லாம் வூட்ல ஆள் இருப்பாங்களா சார்?"

"நாப்பது பேர் இருப்போம்."

"அப்ப எடுங்க" என்றாள் வின்னி. கதை என்னவென்றுகூடக் கேட்கவில்லை.

படப்பிடிப்புக் குழு விடிவதற்கு முன்பே வந்து இறங்கியது. ஜெனரேட்டர் உறுமியது. கேபிளைத் தோளில் சுற்றிக்கொண்டு ஆட்கள் ஓடினார்கள். லைட் போடுகிறவர்களில் சிலர் நெற்றியில் விளக்குக் கட்டியிருந்தார்கள். ஒருவன் கத்த, இன்னொருவன் பதிலுக்குக் கத்த, டீ டிரம் வந்து இறங்கியது. கொர்னேலியஸ் ஜன்னல் வழியாக இதையெல்லாம் பார்த்தார். ஷிப்ட் ஆரம்பித்துவிட்டது! அவசர அவசரமாக முகம் வழித்து, பூட்ஸ் மாட்டிக்கொண்டு வாசலில் போய் நின்றுவிட்டார். சுரங்கத்தில் அவருக்கு வேலையே அதுதான். ஆட்களை இறக்கி ஏற்றும் கேஜ் கூண்டின் வாசலில் நின்று, எண்ணிக் கீழே அனுப்பி, அத்தனை தலையும் மேலே வந்துவிட்டதா என்று எண்ணிப் பார்ப்பது.

"இன்னாப்பா, செருப்போட கேபிள் மேல நிக்கிற? பூட்ஸ் எங்க?" என்றார் ஒருவனிடம். "நீதான் இந்த ஷிப்டுக்கு மேஸ்திரியா? ஆளுங்களை டைமுக்கு இட்டுனு வரமாட்டியா?" என்றார் உதயிடம். அப்புறம் உள்ளே திரும்பி, "வின்னி! இவங்களுக்கு டீ குடுத்தியாம்மா?" என்றார்.

அப்பா வாயிலிருந்து தன் பெயர் வந்து எத்தனை மாசமாயிற்று! வின்னி அடுப்படிக்குள் போய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். சந்தோஷம் தாங்கவில்லை.

டைரக்டருக்கும் அழுகைதான் வந்தது.

"சார், கொஞ்சம் மறக்க முடியுமா?"

"இன்னாத்த?"

"ஏதாவது ஒண்ணு. உங்க பொண்ணைப் பாத்து 'நீ யாரு'ன்னு கேளுங்க, போதும்."

"எம் பொண்ண யாருன்னு கேக்க நான் இன்னா லூசா?"

கட் என்றான் உதய். மறுநாளும் கட். அதற்கடுத்த நாள், முதுமை மறதி விழிப்புணர்வுத் திரைப்பட ஊக்குவிப்புத் துணைக்குழுவின் அதிகாரி மஞ்சுநாத் நேரடி ஆய்வுக்கு எழுந்தருளினார். 'உண்மை வாழ்க்கை' என்ற பிரிவில் படத்துக்கு மானியம் வேண்டுமானால், சம்பந்தப்பட்ட நோயாளி அதிகாரியின் முன்னிலையில் ஒருமுறையாவது மறந்து காட்ட வேண்டும் என்பது விதி.

"இவங்கள்லாம் யாரு?" என்று கேட்டார் மஞ்சுநாத்.

கொர்னேலியஸ் ஒவ்வொருவராகக் காட்டி, யாருக்கு என்ன வேலை, யார் உள்ளே போனான், யார் இன்னும் வெளியே வரவில்லை என்று ஒப்பித்தார். அதிகாரியின் முகம் வாடிவிட்டது.

"சரி, ஊர்ல சுரங்கம் ஓடுதா?"

"ஓடாம? இத்தினி பேரு வேலை பண்றாங்களே, கண்ணு தெரியலயா சார்?"

மஞ்சுநாத்துக்கு உயிர் வந்தது. பேனாவைத் திறந்தார். அதற்குள் வேடிக்கை பார்க்க வந்திருந்த இன்பராஜ் குறுக்கே புகுந்தான். "மூடிட்டாங்க சார். ஆனா அடுத்த வருஷம் கண்டிப்பா தொறந்துருவாங்க. எலெக்‌ஷன்ல சொல்லிட்டாங்க."

"அதுக்கு முந்தின எலெக்‌ஷன்ல?"

"அப்பவும் சொன்னாங்க சார். அடுத்த வருஷம்னு."

மஞ்சுநாத் உதயைத் தனியாகக் கூப்பிட்டு, "இதுல பேஷன்ட் யாரு?" என்று கேட்டார்.

சாயங்காலம் உத்தரவு வந்தது. மேற்படி நபர் தம் பெயரையும், தம் மகளையும், படக்குழுவினர் அனைவரின் வரவையும் வெளியேற்றத்தையும் ஐயந்திரிபற அறிந்திருக்கிறபடியாலும், சுரங்கம் குறித்த அவருடைய கருத்து ஊராரின் கருத்திலிருந்து பெரிதும் மாறுபடாதபடியாலும், அவர் மறதிக்குத் தகுதியற்றவராகிறார்.

"டாக்டர் சர்டிபிகேட் கீதே சார்?" என்றாள் வின்னி.

"டாக்டர் நோயைத்தாம்மா பாப்பாரு. நாங்க தகுதியைப் பாக்குறோம்" என்றார் மஞ்சுநாத்.

பெங்களூரிலிருந்து ஒரு பெரிய நாடக நடிகரை வரவழைத்தார்கள். மறப்பதற்கென்றே பயிற்சி முகாமில் மூன்று மாசம் தங்கிக் கற்றுக்கொண்டவர். ஸ்பூனைக் கையில் எடுத்து, இது என்ன என்று அவர் பார்த்த பார்வையில் மஞ்சுநாத் கைக்குட்டையைத் தேடினார். "இதாம்மா மறதி. உங்க அப்பா இவர்கிட்ட கொஞ்சம் கத்துக்கணும்" என்றார். உண்மை வாழ்க்கைப் பிரிவில் படம் உடனே தேறிவிட்டது.

கொர்னேலியஸ் எதையும் கண்டுகொள்ளவில்லை. அவர் பாட்டுக்கு வாசலில் நின்று ஆள் எண்ணினார். வேளைக்குச் சாப்பிட்டார், படுத்ததும் தூங்கினார். வின்னி அந்த நாட்களில் கதவைப் பூட்டாமல் வேலைக்குப் போய்வந்தாள். இந்தப் படம் முடியவே கூடாது என்று மாதாவிடம் வேண்டிக்கொண்டாள். ஆனால் எல்லாப் படத்துக்கும் பேக்கப் என்று ஒன்று உண்டே. கடைசி வேன் கிளம்பும்வரை நின்று எண்ணிவிட்டு, "அல்லாரும் மேல வந்துட்டாங்க" என்று திருப்தியோடு உள்ளே வந்தார் கொர்னேலியஸ்.

மறுநாள் காலையிலும் பூட்ஸ் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். ஒருவரும் வரவில்லை. நின்று நின்று கால் ஓய்ந்தபின் வின்னியைப் பார்த்து, "நீங்க யாரும்மா? ஷிப்ட் ஆளுங்க வரலியா?" என்று கேட்டார். மஞ்சுநாத்தும் உதயும் அத்தனை நாள் தவம் கிடந்த ஷாட் அது. எடுக்கத்தான் ஆளில்லை.

வின்னி உதய்க்குப் போன் செய்தாள். "சார், ஒரே ஒரு ஆளு. வாரத்துல ரெண்டு நாளாச்சும் வந்து அப்பாகூட இருந்தா..."

"மேடம், விழிப்புணர்வு குடுக்குறது மட்டும்தான் எங்க வேலை. விழிச்சவங்க தானா வருவாங்க."

படம் விருது வாங்கியது. ஊர் ஹாலில் இலவசமாகத் திரையிட்டார்கள். விழிப்பதற்கு ஊரே திரண்டு வந்து, தேம்பித் தேம்பி அழுதது. இப்படிப்பட்ட பெரியவங்களைக் கண்ணுல வெச்சுப் பாத்துக்கணும் என்று பெண்கள் வின்னியின் கையைப் பிடித்துக்கொண்டு புத்தி சொன்னார்கள். அன்றைக்கும் அவள் அப்பாவைப் பூட்டிவிட்டுத்தான் வந்திருந்தாள். மஞ்சுநாத் மேடையில் அவளுக்குச் சால்வை போர்த்தி, ரெண்டு வார்த்தை பேசச் சொன்னார்.

வின்னி மைக்கை வாங்கினாள். "பகல்ல எங்க அப்பாகூட உக்கார யாராச்சும் வருவீங்களா? பேசக்கூட வேணாம். சும்மா உக்காந்திருந்தாப் போதும். கதவைப் பூட்டாம நான் வேலைக்குப் போவணும், அவ்ளோதான்" என்றாள்.

ஹால் முழுக்க எழுந்து நின்று கைதட்டியது. தட்டி முடித்து பிரியாணிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனது.

அந்தப் பேச்சை உதய் வயலின் சேர்த்து இணையத்தில் போட்டான். நோயாளியின் குடும்ப கௌரவம் காக்கப்பட வேண்டும் என்ற துணைக்குழுவின் விதிப்படி, வின்னியின் முகத்தை மங்கலாக்கி, குரலையும் மாற்றித்தான் போட்டான். லட்சக்கணக்கான பேர் பார்த்தார்கள், பார்த்தவர்கள் எல்லாம் அழுதார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வின்னி அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து, அதன் கீழே வந்த கருத்துகளைப் படித்துக்கொண்டிருந்தாள். ஒன்று இன்பராஜ் எழுதியது. 'இந்தச் சகோதரி எந்த ஊரோ தெரியவில்லை. அக்கம்பக்கத்தில் மனுஷங்களே இல்லையா? நெஞ்சு வெடிக்கிறது. அதிகம் பகிருங்கள்.' நல்ல வார்த்தை என்றால் ஒரு ஹார்ட் போட்டே பழகிப்போன அவள் விரல், அதற்கும் ஒன்றைப் போட்டுவிட்டது.

லைன் வீட்டுக்குப் பொதுச்சுவர்தானே. அந்தப் பக்கம் யாரோ மூக்கை உறிஞ்சி விசும்புவது நன்றாகக் கேட்டது. கொர்னேலியஸ் தலையைத் தூக்கினார்.

"யாரோ அழுவுறாங்கம்மா."

"அது ஒண்ணும் இல்லப்பா, நீ உக்காரு."

"ஒண்ணும் இல்லாம எவனாச்சும் அழுவானா? பாவம், கூட ஆள் இல்ல போலக்குது. நான் போய் உக்காந்துட்டு வரேன்."

வின்னி எழுவதற்குள் அவர் படியிறங்கிப் போய்ப் பக்கத்துக் கதவைத் தட்டிவிட்டார். இன்பராஜ் சிவந்த கண்ணும் கையில் அந்த வயலின் ஓடுகிற போனுமாக வந்து திறந்தான். கிழவர் அவன் தோளில் கையை வைத்தார். அவன் அந்தக் கையைப் பதமாக எடுத்துவிட்டு, அவர் தலைக்கு மேலாக எட்டிப் பார்த்துக் குரல் கொடுத்தான்.

"வின்னிக்கா! அங்கிள் இங்க வந்து நிக்கிறாரு, இட்டுனு போங்கக்கா. நானே மனசு சரியில்லாம கீறேன்."