சம்பந்தி வீட்டுத் தண்ணீர்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நானும் என் மனைவியும், தாங்கள் பெட்டியோடு திருப்பி அனுப்பிய எங்கள் மகளும் நலம். அங்கு தாங்களும், சம்பந்தி அம்மாளும், மாப்பிள்ளையும், அவருக்காகத் தாங்கள் புதிதாகப் பார்த்து வைத்திருக்கும் பெண்ணும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். விவாகரத்துப் பத்திரம் வந்து சேர்ந்தது. என் மகள் பிள்ளை பெறத் தகுதியில்லாதவள் என்பதை ஒரு எழுத்துப்பிழைகூட இல்லாமல் தட்டச்சு செய்திருக்கிறார்கள். அவள் கையெழுத்துப் போடுவதற்கு முன் தங்களிடம் ஒரு எலி விஷயம் பேச வேண்டியிருக்கிறது.

நான் ஆராய்ச்சிக்கூடத்தில் எலிகளுக்குத் தீனியும் தண்ணீரும் வைத்துவந்தவன். கல்யாணப் பேச்சின்போது தாங்கள் அதை "விஞ்ஞானத் துறை" என்று உறவினர்களிடம் சொல்லிக்கொண்டீர்கள். தண்ணீரில் உள்ள ஃபுளோரைடு ஆண் எலிகளை என்ன பாடு படுத்துகிறது என்று எங்கள் மேடம் ஆராய்ந்துகொண்டிருந்தார். ஒரு கூண்டுக்கு ஃபுளோரைடு கலந்த தண்ணீர், பக்கத்துக் கூண்டுக்குக் காய்ச்சி வடித்த சுத்தமான தண்ணீர், இரண்டையும் ஒப்பிட வேண்டும், அவ்வளவுதான். நடுவில் தண்ணீர் வடிக்கிற இயந்திரம் படுத்துவிட்டது, மேடத்திடம் சொன்னால் கத்துவார், திருதிருவென்று முழித்துக்கொண்டிருந்தபோதுதான் மாப்பிள்ளை வரும்போதெல்லாம் தாங்கள் கொடுத்தனுப்பும் கேன் ஞாபகம் வந்தது. "போர்வெல்லை ஆழப்படுத்தினதிலேர்ந்து எங்க தண்ணி மருந்து மாதிரி, சம்பந்தி" என்று தாங்கள் சொல்லாத நாள் உண்டா? அதைவிடச் சுத்தமான தண்ணீருக்கு நான் எங்கே போவேன்? எலி எவ்வளவு குடித்துவிடப் போகிறது, ஒரே கேன் மாதக்கணக்கில் வந்தது.

பிறகு ஆண் எலிகளைப் பெண் எலிகளோடு விட்டோம். ஃபுளோரைடு கூண்டில் குட்டி இல்லை. அது எதிர்பார்த்ததுதான். தங்கள் தண்ணீர் குடித்த கூண்டிலும் குட்டி இல்லை. இங்கே ஒன்று கவனியுங்கள், சம்பந்தி. அந்தப் பெண் எலிகளை யாரும் பிறந்த வீட்டுக்கு அனுப்பவில்லை, கண்ட கஷாயத்தையும் வாயில் ஊற்றவில்லை. மேடம் நேராக ஆண் எலிகளை அறுத்து, விதைகளை எடைபோட்டு, விந்தணுவை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். துள்ளி ஓட வேண்டியவை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகான அலுவலகம்போல அசையாமல் கிடந்தன.

"இந்தக் கூண்டுக்கு எந்தத் தண்ணி வெச்சீங்க?" என்றார். சொன்னேன். கேனில் மிச்சமிருந்ததைச் சோதித்தார்கள். நாங்கள் அளந்து கலந்த தண்ணீருக்கு அது ஃபுளோரைடில் கொஞ்சமும் சளைக்கவில்லை. மேடத்துக்கு இரண்டு வருட உழைப்பு போயிற்று. அழுதுவிட்டார். "எலிக்கு ஆனது மனுஷனுக்கும் ஆகும்னு கிளம்பிடாதீங்க. ஆனா உங்க மாப்பிள்ளையை ஒரு டாக்டரைப் பாக்கச் சொல்லுங்க" என்றார். அதற்குப் பிறகுதான் என்னை வேலையை விட்டு நிறுத்தினார்.

என் மகளைச் சோதிக்காத டாக்டர் இல்லை. எல்லாரும் குறையில்லை என்றுதான் சொன்னார்கள். மாப்பிள்ளையை ஒரே ஒரு தடவை அழைத்துப் போங்கள். அவரும் பாவம், தெரியாமல் குடித்தவர். இவள் வந்த நாளிலிருந்து யார் கண்ணிலும் படாமல் சமையலறையில் நின்றுகொண்டே சாப்பிடுகிறாள். பெற்ற வயிறு எரிகிறது, சம்பந்தி.

வீட்டில் எல்லோருக்கும் என் அன்பைச் சொல்லுங்கள். புதுப் பெண்ணின் தகப்பனாருக்கும் சொல்லுங்கள், அவரும் ஒரு பெண்ணைப் பெற்றவர்.

இப்படிக்கு,
கையெழுத்தாகும் வரை தங்கள் சம்பந்தி

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போடுமுன் மகளிடம் படித்துக் காட்டினேன். "அவருக்குத் தெரியும்ப்பா" என்றாள். "போன வருஷமே டெஸ்ட் எடுத்துட்டாரு. வெளிய சொல்லிடாதேன்னு என் காலைப் பிடிச்சு அழுதாரு. நானும் சொல்லலை. அப்புறம் அவரேதான் வண்டியில ஏத்திக் கொண்டுவந்து இங்க விட்டுட்டுப் போனாரு." ஆகவே மேலே எலியைப் பற்றி எழுதியது எதுவும் தேவையில்லை. 'பாவம்' என்று எழுதியதையும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். இதைத் தபாலில் போடப் போவதில்லை. தாங்கள் படிக்கும்போது நான் எதிரில்தான் உட்கார்ந்திருப்பேன். இதுவரை வந்துவிட்டீர்கள் என்றால், மாப்பிள்ளையைக் கூப்பிட்டு இந்தப் பின்குறிப்பை மட்டும் உரக்கப் படிக்கச் சொல்லுங்கள்.