கோதண்டராமனின் ஸ்டெப்னி

ஓடாத டயருக்கு வயசாகுமா? இந்தச் சந்தேகம் திருவூடல் தெரு கோதண்டராமனுக்கு எட்டு வருஷமாக வந்ததே இல்லை. ஆயுத பூஜையன்று காலையில் வந்தது. அப்போதும் அவருக்கு வரவில்லை, அவர் மனைவி கஸ்தூரிக்குத்தான் வந்தது.

அவருக்கு ஒரு லாரி உண்டு. ஓட்டுபவன் கஸ்தூரியின் தம்பி வேடியப்பன். லாரியோடு கூடவே வந்த ஸ்டெப்னி டயர் இன்றுவரை தரையைத் தொட்டதில்லை. எந்தச் சக்கரம் பஞ்சரானாலும் வேடியப்பன் நடுவழியில் உட்கார்ந்து ஒட்டிக்கொள்ள வேண்டும், ஸ்டெப்னியைக் கழற்றக்கூடாது. புதுசு கெட்டுவிடுமாம். வருஷா வருஷம் பூஜையில் அதற்கு மட்டும் சந்தனம், குங்குமம் கொஞ்சம் ஜாஸ்தி.

இந்த வருஷம் கஸ்தூரி தடவிய சந்தனம் டயரின் பக்கவாட்டில் நிற்கவில்லை. மெல்லிய கோடு கோடாக உள்ளே இறங்கிவிட்டது.

"ஏங்க, இது வெடிச்சிருக்குதுங்க."

"வெடிப்பு இல்ல, டிசைன்."

"தம்பி நாளான்னிக்கி மல்லாட்டை, வேர்க்கடலை மூட்டை ஏத்திக்கினு பெங்களூரு போறான். பாரத்தோட போவறப்ப இதை மாட்டி, படார்னு போச்சின்னா? எனக்கு பயமா இருக்குதுங்க."

"ஓடின டயர்தான் தேயும். ஓடாதது எப்படிக் கெடும்?"

"உங்க கல்யாணச் சட்டைகூட பொட்டியிலயேதான் இருக்குது. போட்டுக் காட்டுங்க பாக்கலாம்."

"சட்டை கெடல. நான்தான் பெருத்துட்டேன்."

பக்கத்து வீட்டு சக்கரபாணி வேலை வெட்டியை விட்டுவிட்டு மதில் மேல் கையூன்றி நின்றுவிட்டார். அவர் காதில் நன்றாக விழும்படி கஸ்தூரி சொன்னாள்: "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். ஒண்ணு செய்யுங்க. நாளான்னிக்கி பாரம் ஏத்தறதுக்கு முன்னால இதை எடது முன் சக்கரத்துல மாட்டுங்க. அதுக்கு மேல நீங்களே ஒக்காந்து செங்கம் வரைக்கும் போயிட்டு வாங்க. அப்புறம் தம்பி கெளம்பட்டும்."

சக்கரபாணி பார்த்துக்கொண்டிருக்கும்போது எந்த ஆண்பிள்ளை மாட்டேன் என்பான்? கோதண்டராமன் மீசையைத் தடவிக்கொண்டு சரி என்றுவிட்டார்.

மறுநாள் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. உண்மையிலேயே ஒரு டயர் எத்தனை வருஷம் தாங்கும்? பஸ் ஸ்டாண்டில் விசாரித்தார். பட்டை தேயும் வரைக்கும் கவலையில்லை என்றார் ஒருவர். காற்று நிற்கும் வரைக்கும் என்றார் இன்னொருவர். மூன்றாமவர், டயரின் ஆயுசு லாரி முதலாளியின் மனசைப் பொறுத்தது என்று சொல்லி டீயைக் குடித்துவிட்டுப் போனார். வீட்டுக்கு வந்து யாரும் பார்க்காதபோது டயரை நகத்தால் அழுத்தினார். வெடிப்பு வாயைத் திறந்தது. அதன் மேல் தாம் உட்கார்ந்து போவதை நினைத்தார்.

காற்றுப் பிடித்து வருகிறேன் என்று சொல்லி, சக்கரத்தைக் கட்டை வண்டியில் போட்டுக்கொண்டு செங்கம் ரோட்டில் இருந்த அப்பாதுரையின் டயர் கடைக்குப் போனார். அப்பாதுரை பார்த்த மாத்திரத்தில் தலையை ஆட்டினான். ரப்பர் சும்மா இருந்தாலும் வெயிலும் மழையும் அதைச் சும்மா விடாதாம். ஐந்தாறு வருஷத்துக்கு மேல் எந்த ஸ்டெப்னியையும் நம்பிப் பாரம் ஏற்றக்கூடாதாம். பக்கவாட்டில் வெடித்துவிட்டால் வருஷமே பார்க்க வேண்டாமாம், முன் சக்கரத்துக்கோ ஆகவே ஆகாதாம்.

ரிம்மில் புது டயர் ஏறியது. யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று அப்பாதுரையிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். வரும் வழியில் ஓரமாக வண்டியை நிறுத்தி, புது டயருக்குச் சேறும் சாணியும் பூசிக் கிழவேஷம் போட்டார். மறக்காமல் சந்தனப் பொட்டும் வைத்தார்.

அடுத்த நாள் பயணம் ராஜ பவனிதான். முன் சீட்டில் கோதண்டராமன் காலை ஆட்டிக்கொண்டு பாட்டு முணுமுணுத்தார். வேடியப்பன்தான் செங்கம் வரைக்கும் முருகா முருகா என்று ஓட்டினான். பத்திரமாகத் திரும்பி வந்ததும் அவர் சக்கரபாணியையும் வாசலுக்குக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு டயரைத் தட்டிக் காட்டினார்.

"பாத்தியா கஸ்தூரி? எட்டு வருஷ டயர். கல்லு மாதிரி நிக்குது."

கஸ்தூரி குனிந்து டயரைத் தொட்டுப் பார்த்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. தம்பியைத் தைரியமாகப் பாரம் ஏற்றிக்கொண்டு கிளம்பச் சொன்னாள். பிறகு புருஷனின் பக்கத்தில் வந்து, சக்கரபாணிக்குக் கேட்காமல் மெதுவாகச் சொன்னாள்:

"பூஜையன்னிக்கி சாயந்தரமே நான் அப்பாதுரை கடைக்குப் போயிட்டு வந்துட்டேங்க. நாளைக்கி எங்க வூட்டுக்காரரு யாருக்கும் தெரியாம வருவாரு, நல்ல டயரா ஒண்ணு எடுத்து வைங்கன்னு சொல்லிட்டு."