காலமான நத்தை

செத்துப்போன நத்தை கொம்பை நீட்டியது.

வெந்நீர்க் கிண்ணத்தின்மேல் குனிந்திருந்த ஆராய்ச்சியாளர் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடியும் பார்த்தார். நத்தை இன்னொரு கொம்பையும் நீட்டி அவரைத் திருப்பிப் பார்த்தது.

"அட கடவுளே!" என்று அவர் துள்ளிய துள்ளலில் நாற்காலி மல்லாந்து விழுந்தது.

ஒரு நத்தைக்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று கேட்காதீர்கள். அது லேசுப்பட்ட நத்தை இல்லை. இந்த இனமே உலகத்தில் இனி கிடையாது என்று அந்த இயற்கை அருங்காட்சியகத்தின் தலைவர் நான்கு வருடம் முன்பு ஒரு தடித்த புத்தகம் எழுதியிருந்தார். அதனால் அவருக்குப் பரிசு கிடைத்தது, பதவி கிடைத்தது, போகிற இடமெல்லாம் கைத்தட்டல் கிடைத்தது. வாசலில் நத்தைக்கு ஆளுயரப் படம் மாட்டி, அருகில் தானும் சோகமாக நின்று போஸ் கொடுத்திருந்தார். அவர் தன் கையால் கடைசியாகப் பொறுக்கிய ஆறு ஓடுகள்தான் இந்த ஆராய்ச்சியாளரின் மேஜைத் தட்டில் இருந்தவை. உள்ளே ஒன்றுமில்லை, வெறும் ஓடு என்றே எல்லாரும் நம்பினார்கள். நத்தைகளோ ஓட்டின் வாயில் சவ்வு கட்டிக்கொண்டு உள்ளே சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தன.

நம் ஆராய்ச்சியாளர் டாக்டர் பட்டம் வாங்கிய கையோடு ஃபெலோஷிப் கிடைத்து இங்கே வந்தவர். ஒரு வருடம் முடிந்துவிட்டது. இன்னும் இரண்டு வருடம் நீட்டிக்கலாமா, வேண்டாமா என்று இன்று மூன்று மணிக்குக் குழு கூடி முடிவு செய்யப்போகிறது. அவர் ஆராய்ச்சித் தலைப்பு, 'இந்த நத்தை ஏன் அழிந்தது?'

நீட்டிப்புக் கிடைக்காவிட்டால் மனைவியின் அண்ணன் நடத்தும் கூரை ஓட்டுக் கடைதான் கதி. "நீங்க பண்றதும் ஓட்டு ஆராய்ச்சிதானே மாப்பிள்ளை? அதை நம்ம கடையிலயே உட்கார்ந்து பண்ணுங்க" என்று மச்சான் எப்போது பார்த்தாலும் சிரிப்பார். அவர் வைத்த பட்டப்பெயர்தான் 'ஓட்டாண்டி'. வீட்டில் குழந்தைகூட அப்படித்தான் கூப்பிட ஆரம்பித்திருந்தது.

இந்தப் பதற்றத்தில்தான் ஓட்டாண்டி ஒரு காரியம் செய்தார். குழுவிடம் காட்டப் படம் எடுக்கவேண்டும், ஓட்டின் வாயில் ஏதோ பழைய பசை ஒட்டியிருக்கிறது, கொஞ்சம் இளஞ்சூடான வெந்நீரில் கழுவலாம் என்று ஒன்றை எடுத்துப் போட்டார். அந்த அறைக்குள் தண்ணீரே வரக்கூடாது என்பது சட்டம். ஆனால் நத்தைக்குச் சட்டம் தெரியுமா?

உடனே மனைவிக்குப் போன் போட்டார். அவள் பல் மருத்துவர்.

"உயிரோட இருக்கு!"

"யாரு?"

"நத்தை!"

"செத்துப்போச்சு செத்துப்போச்சுன்னு ஒரு வருஷமா ஒப்பாரி வெச்சீங்களே, அதுவா?"

"அதேதான்! உலகமே என்னைத் திரும்பிப் பார்க்கப்போகுது! எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல!"

"இருங்க இருங்க. அது செத்துப்போச்சுன்னு சொன்னது யாரு?"

"தலைவர்."

"உங்க நீட்டிப்புல கையெழுத்துப் போடப்போறது யாரு?"

ஓட்டாண்டியின் வாய் டப்பென்று மூடிக்கொண்டது.

"நல்லா வாயைத் திறங்க" என்றாள். அது நோயாளிக்கு. "கேட்டுக்கோங்க. கையெழுத்து விழற வரைக்கும் அதைத் தூங்க வைங்க. அப்புறம் ஊரைக் கூட்டி எழுப்பிக்கலாம்."

புத்திசாலி மனைவி வாய்த்ததை நினைத்துப் பூரித்துப்போய்த் திரும்பினால், நாற்காலி விழுந்த வேகத்தில் கிண்ணமும் கவிழ்ந்திருந்தது. தட்டு முழுக்க வெந்நீர். மீதி ஐந்தும் சாவகாசமாகக் கொம்பை நீட்டிச் சோம்பல் முறித்துக்கொண்டிருந்தன.

"தூங்குங்கடா செல்லங்களா, தூங்குங்க" என்று கெஞ்சினார். காய வைத்தால் தூங்கிவிடும் என்று மேஜை மின்விசிறியைத் தட்டிவிட்டார். தட்டில் இருந்த அடையாளச் சீட்டு பறந்துபோய் இரண்டு நத்தைகளின் முன்னால் விழுந்தது. எந்த ஓடு, எங்கே, யார் எடுத்தது என்று தலைவர் தன் கையாலேயே எழுதிய சீட்டு. நான்கு வருடப் பட்டினி சும்மா விடுமா? இரண்டும் அதை ஆசையாக மெல்ல ஆரம்பித்தன.

"ஐயோ, சீட்டை விடு, சீட்டை விடு!"

பிடித்து இழுத்தார். பாதிதான் கைக்கு வந்தது. சீட்டை விட்டுத்தொலைக்கட்டும் என்று தன் மதிய உணவிலிருந்த வெள்ளரித் துண்டுகளை எடுத்து வைத்தார். வெள்ளரி உள்ளே போனதும் ஆறுக்கும் தெம்பு வந்துவிட்டது. இரண்டு மேஜைக்காலில் இறங்கின, ஒன்று சுவரில் ஏறியது, இன்னொன்று அவர் கையில் இருந்த மீதிச் சீட்டையும் பதம் பார்த்தது. அவற்றைத் துரத்துகிறபோதும் ஓட்டாண்டிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எவ்வளவு அழகாக நடக்கின்றன! படத்தில் மட்டுமே பார்த்து உருகிய கொம்புகள் கண்ணெதிரே ஆடுகின்றன!

கதவு தட்டப்பட்டது. பறவைப் பிரிவு அம்மாள் எட்டிப் பார்த்தார்.

"உங்களைக் கூப்பிடறாங்க. என்ன, முகமெல்லாம் இப்படி ஜொலிக்குது?"

"ஒண்ணுமில்லக்கா, பயம்!"

வேறு வழி தெரியாமல் ஆறையும் அள்ளிக் கோட்டுப் பைகளில் போட்டுக்கொண்டு ஓடினார்.

குழுவில் தலைவரும், வெளியூரிலிருந்து வந்த ஒரு பேராசிரியையும் இருந்தார்கள். தலைவர் அகலமாகப் புன்னகைத்தார். "தம்பி நல்லாப் பேசுவார். நம்ம நத்தையோட மரணத்தைப் பத்தி இவர் சொன்னா கல்லும் கரையும்."

ஓட்டாண்டி தொண்டையைச் செருமிக்கொண்டார். "மேடம், இந்த நத்தை இந்த மண்ணை விட்டுப் போய்..."

பையில் ஏதோ நகர்ந்தது.

"...போய்ப் பல வருஷம் ஆகுது. அதோட கொம்பை இனி எந்தக் கண்ணும்..."

பேராசிரியை முன்னால் சாய்ந்தார். "தம்பி, உங்க டையில அது என்ன?"

"டிசைன் மேடம்."

"டிசைன் நகருதே?"

ஓட்டாண்டி குனிந்து பார்த்தார். டையின் நடுவில் நின்றுகொண்டு நத்தை இரண்டு கொம்பையும் ஆட்டியது. அவ்வளவுதான், அவருக்குள் அடக்கி வைத்திருந்ததெல்லாம் பொங்கிவிட்டது. ஒரு வருடம் எதற்காக அழுதாரோ அது நெஞ்சின்மேல் ஊர்ந்துகொண்டிருக்கும்போது செத்துவிட்டது என்று சொல்ல நாக்கு எழவில்லை. ஓட்டுக் கடை கண்முன்னால் வந்தது. வந்தால் வரட்டும் என்று விட்டுவிட்டார்.

"மேடம், இது உயிரோட இருக்கு! ஒண்ணில்ல, ஆறு இருக்கு! தூங்கிட்டுத்தான் இருந்திருக்கு மேடம்!" என்று கத்தி, பைகளைக் காலிசெய்து மேஜையில் பரப்பினார். அவர் கண்ணில் தண்ணீர்.

பேராசிரியை சின்னப் பெண் மாதிரி எழுந்து கைதட்டிவிட்டார். "நிஜமாவா? அதேதானா?"

தலைவரின் முகம் கறுத்தது. "என்ன மேடம் நீங்க! இது தெருவுல கிடைக்கிற சாதாரண நத்தை. வர்ற வழியில பொறுக்கிட்டு வந்து நம்மகிட்ட படம் காட்டறான். என் கையால எடுத்த அந்த ஓடுதான்னா, கூட இருந்த சீட்டு எங்கே?"

ஓட்டாண்டி நத்தைகளைக் காட்டினார். "அதை... இதுங்க தின்னுடுச்சு சார்."

பேராசிரியை வருத்தத்தோடு உட்கார்ந்தார். "சீட்டு இல்லாம நான் எப்படித் தம்பி நம்பறது? இதுக்குச் சொந்தக்காரர் சாரே இல்லேங்கறாரே."

"நீட்டிப்புக் கிடையாது" என்று தலைவர் தாளை இழுத்தார். பேனாவைத் திறந்தார். சட்டைப்பையைத் தடவினார், மேஜையைத் தடவினார். மூக்குக்கண்ணாடி இல்லை. வீட்டுக்குப் போன் போட்டார். "வீட்டுக்குச் சொல்லியாச்சு. இதோ, பின்னாடி குடியிருப்புலேருந்து கொண்டுவந்துடுவா. வந்ததும் போடறேன் கையெழுத்து."

ஓட்டாண்டி நத்தைகளை ஒவ்வொன்றாகத் தடவிக்கொடுத்தார். வேலை போனது போனதுதான். ஆனாலும் இதுகள் உயிரோடு இருக்கின்றன என்று நினைத்தபோது, அழுகைக்கு நடுவிலும் அவருக்குச் சிரிப்பு வந்தது.

கதவு திறந்தது. கண்ணாடிக் கூட்டோடு தலைவரின் மனைவி மூச்சு வாங்க உள்ளே வந்தார். மேஜையைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"ஐயையோ, இங்கேயும் வந்துடுச்சா! என்னங்க, நம்ம வீட்டுக் கீரைப் பாத்தியை மொட்டை அடிக்குதே, அதே சனியன்தானே இது? வெளியில தெரிஞ்சா மானம் போயிடும், யார் கண்ணுலயும் படாம பொறுக்கிக் கொட்டு, பொறுக்கிக் கொட்டுன்னு நாலு வருஷமா என்னைப் பாடாய்ப் படுத்தினீங்களே, என் இடுப்பு ஒடிஞ்சதுதான் மிச்சம்!"