ஆகாருக்கு ஓர் அறை

மனிதகுலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது, பிறகு வெகுகாலம் சும்மா இருந்தது. எங்கள் 'விவிலியச் சித்திர அபிமானிகள் சங்கம்' தோன்றிய பிறகுதான் மறுபடி சுறுசுறுப்பானது. செயலாளர் என்ற முறையில் இதை மிகுந்த அடக்கத்தோடு பதிவு செய்கிறேன்.

சங்கத்தில் மொத்தம் ஆறு பேர். நாங்கள் சேகரிப்பது ஒரே ஒரு நவீன ஓவியரின் படங்களை. அவர் பைபிள் காட்சிகளைச் செப்புத் தகட்டில் கீறி, தாளில் அச்செடுத்து, ஒவ்வொரு தாளுக்கும் தன் கையாலேயே வண்ணம் தீட்டுவார். அதனால் ஒரு தாளில் நோவாவின் தாடி வெள்ளை, இன்னொன்றில் பச்சை. பச்சைத் தாடிக்கு விலை அதிகம். ஏன் என்று கேட்டவர் இப்போது சங்கத்தில் இல்லை.

எங்கள் தலைவரைப் போன்ற ரசிகர் இனிப் பிறக்க வேண்டும். கைவண்ணம் வெளிச்சத்தில் வெளுத்துவிடும் என்று எங்கோ படித்த நாள் முதல் அவர் வீட்டு ஜன்னல்களுக்கெல்லாம் கறுப்புத் திரை. போகிறவர்கள் சுவரைத் தடவிக்கொண்டே போய் உட்கார வேண்டும். சில சமயம் ஏற்கெனவே உட்கார்ந்திருப்பவர் மடியில். ஈரமும் படங்களுக்கு ஆகாது. படத்தருகே குனிந்த பல் டாக்டரிடம், "மூச்சு விடணும்னா வராந்தாவுல போய் விட்டுட்டு வாங்க, டாக்டர்" என்றார் தலைவர். டாக்டரும் போய் விட்டுவிட்டு வந்தார். கலைக்காக இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி?

இந்த நிலையில்தான் தலைவர் 'ஆகார்' படத்தை வாங்கினார். அன்றிலிருந்து அந்த வீட்டில் ஆகாரம் ஒருவேளையானது. ஆகார் என்பவள் ஆபிரகாமின் வீட்டில் வேலை செய்தவள். அவருக்கு ஒரு பிள்ளையும் பெற்றுக் கொடுத்தவள். அவளையும் பிள்ளையையும் அவர் பாலைவனத்துக்கு அனுப்பிவைக்கும் காட்சி அது. ஒட்டகத்துக்கு ஊதா நிறம்.

வீட்டிலேயே துளி ஈரமில்லாத இடம் பின்னறை. அதில் தலைவரின் அக்கா தன் தையல் மெஷினோடு குடியிருந்தார். பெற்றோர் போன பிறகு ஊர்த் துணியெல்லாம் தைத்துத் தம்பியைப் படிக்கவைத்தவர். கலையுலகில் இதற்கு 'இட ஆக்கிரமிப்பு' என்று பெயர்.

தலைவர் மிக நாசூக்காகப் பேச்சைத் தொடங்கினார். நானும் உடனிருந்தேன்.

"அக்கா, இந்த ரூம் உனக்கு ரொம்ப வறட்சியா இல்ல?"

"இல்லையேடா."

"படத்துக்கு இந்த வறட்சிதான் வேணுமாம்."

"அப்ப நான் எங்க போறது?"

"நீ எங்க வேணும்னாலும் இருக்கலாம்க்கா. வெயில் பட்டா நீ வெளுக்கவா போறே?"

அக்கா என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீங்க செயலாளர்தானே. ஏதாவது சொல்லுங்க."

சங்க விதிப்படி செயலாளருக்கு வாக்குரிமை இல்லை என்பதை அவருக்குப் பணிவோடு விளக்கினேன்.

அக்கா மெஷின் மேல் கிடந்த நூல்கண்டுகளை ஒவ்வொன்றாகப் பைக்குள் போட்டார். பிறகு, "யாருக்காக நான் கிளம்பறேன்னு ஒரு தடவை காட்டேன்" என்றார். தலைவர் பெருந்தன்மையோடு டார்ச்சை அடித்தார்.

அக்கா உற்றுப் பார்த்தார். "பாவம், செருப்புகூட இல்லாம அனுப்பிட்டாங்க." வாசலுக்குப் போய்த் தன் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டார். பிறகு ஏனோ சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு அடங்கவே இல்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டும் அடங்கவில்லை. பித்தான் கடைக்கு மேலே ஒரு அறை காலியாம், அங்கே ஜன்னலுக்குத் திரையே கிடையாதாம்.

தலைவர் படத்தைத் தொடுவதற்காக வெள்ளைக் கையுறை அணிந்திருந்தார். அது அழுக்காகிவிடும் என்பதால் மெஷினை வண்டிக்காரரும் நானும் தூக்கினோம்.

அன்று மாலையே அந்த அறையில் படத்திறப்பு. கட்டில் இருந்த இடத்தில் ஆறு பேரும் நெருக்கியடித்து நின்று, டார்ச்சை மாற்றி மாற்றி அடித்துப் பார்த்தோம்.

"உதட்டைப் பாருங்க, கடிச்சு அடக்கிக்கிட்டு நிக்கறா" என்றார் பல் டாக்டர்.

தலைவர் தேம்பினார். "காலமெல்லாம் உழைச்சவளை வெளிய அனுப்ப ஒருத்தனுக்கு எப்படித்தான் மனசு வந்துச்சோ."

"அழுதா போதாது, தீர்மானம் போடணும்" என்றார் ஓய்வுபெற்ற நீதிபதி.

தலைவரே முன்மொழிந்தார், மூக்கை உறிஞ்சிக்கொண்டே: 'வீட்டுக்காக உழைத்த பெண்ணை ஈவிரக்கமின்றி வெளியேற்றிய கல்நெஞ்சரை இச்சங்கம் வன்மையாகக் கண்டிக்கிறது.' ஏகமனதாக நிறைவேறியது. இருட்டில் எல்லோரும் கை தூக்கியதில் நீதிபதியின் கண்ணாடி கழன்று விழுந்தது.

"நகலை சம்பந்தப்பட்டவருக்கு உடனே அனுப்பிடுங்க, செயலாளரே" என்றார் தலைவர், பழக்க தோஷத்தில்.

உத்தரவை நிறைவேற்றுவதே செயலாளரின் கடமை. நகலெடுத்து, கையொப்பமிட்டு, முத்திரை குத்தி, உறையிலிட்டு ஒட்டினேன். தபால்தலைக்கு அவசியமே ஏற்படவில்லை. வெளியே வரும்போது அந்த வீட்டு வாசல் பெட்டியிலேயே போட்டுவிட்டு வந்தேன்.